அந்தச் சிறுமியின் பாட்டியிடம் யாராவது கேட்டார்களா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்கும் புரிவதற்காக, அதைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு 38 வயது. திருமணமாகிப் 11 ஆண்டுகள். நான்கு முறை செயற்கைக் கருத்தரிப்பு முயன்றும் கைகூடவில்லை. உள்நாட்டில் தத்தெடுக்கப் பதிவு செய்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றதும், வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க உதவும் ஒரு முகமையை அணுகினீர்கள். நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று பார்க்கும் குடும்ப ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் படம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. மஞ்சள் சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. “தாய் உயிரோடு இருக்கிறார், வறுமையால் விட்டுவிட்டார், பாட்டி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்” என்று படத்துக்குக் கீழே மூன்று வரி. இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், காப்பகத்துக்கு ‘நன்கொடை’யாக ஒரு தொகையைத் தனியே அனுப்ப வேண்டும் என்கிறார்கள். “அங்கே கிடந்து கஷ்டப்படுவதைவிட நம்மிடம் வந்தால் ராணி மாதிரி வளர்வாளே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்கிறார் உங்கள் கணவர். நீங்களோ தினமும் தூங்கப் போகும் முன் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறீர்கள். “ஒரு குழந்தைக்கு வாழ்வு கொடுக்கிறோமா, இல்லை யாரோ ஒருத்தியின் குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறோமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்து இந்தக் குழந்தைக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். பணமும் அனுப்பாதீர்கள். உங்கள் மனசு கேட்கும் கேள்வி சரியான கேள்வி. அதை அடக்கிவிடாமல் முகமையிடம் எழுத்தில் கேளுங்கள்.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் அந்த மூன்று வரியில் வரும் பாட்டிதான். தன் பேத்தியைப் பார்க்கக் காப்பகத்துக்கு வந்துபோகும் ஒரு மனுஷி இருக்கிறார். அவரால் குழந்தையை வளர்க்க முடியுமா, மாதாமாதம் ஒரு சிறு உதவி கிடைத்தால் அழைத்துப் போவாரா, சித்தி, மாமா என்று வேறு யாராவது இருக்கிறார்களா, இதையெல்லாம் யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் அதன் பதில் கோப்பில் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்த தாளில் இல்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1989-இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: பிறந்த நாட்டிலேயே ஒரு குடும்பத்திலோ தகுந்த வேறு பராமரிப்பிலோ குழந்தையை வைக்க வழியில்லை என்றானால்தான் வெளிநாட்டுத் தத்து பற்றி யோசிக்கலாம். வெளிநாட்டுத் தத்துக்காகவே 1993-இல் வந்த ஹேக் உடன்படிக்கை இன்னும் விளக்கமாகப் போகிறது. பெற்ற தாயின் ஒப்புதல் குழந்தை பிறந்த பிறகே வாங்கப்பட வேண்டும். என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பணமோ வேறு ஆதாயமோ காட்டி அந்த ஒப்புதலை வாங்கியிருக்கக் கூடாது. இந்த வேலையால் யாரும் முறையற்ற லாபம் பார்க்கக் கூடாது. பெற்றோரின் வறுமையை மட்டுமே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதலும் இருக்கிறது. “வறுமையால் விட்டுவிட்டார்” என்ற வரியை இந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

உங்கள் கணவரின் பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அவர் கண்ணில் அந்தக் குழந்தைக்கு இரண்டே வழிகள்தான் தெரிகின்றன: காப்பகம், இல்லையென்றால் உங்கள் வீடு. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பாட்டி வீடு. அதற்கு ஆகும் செலவு உங்களிடம் கேட்கும் தொகையில் மிகச் சிறிய பங்காக இருக்கலாம். உலகெங்கும் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். ‘அநாதை இல்லம்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அநாதைகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பழைய கதைகள் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல மனசோடு போனவர்களும் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பது புரிய வேண்டும்.

இலங்கையிலிருந்து 1970-களிலும் 80-களிலும் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். வளர்ந்த பிறகு தங்கள் தாயைத் தேடி வந்தவர்களில் சிலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கோப்பில் ‘தாய்’ என்று இருந்தவர் தாயே இல்லை. குழந்தையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு வந்து நின்றவர் கூலிக்குத் தாயாக நடித்தவர். தத்தெடுத்த தம்பதிகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, மனநிறைவோடு விமானம் ஏறியிருப்பார்கள். இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து வந்த தத்துகளை நெதர்லாந்து அரசின் குழு ஒன்று ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்ததும், அரசு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. பிறகு மீண்டும் தொடங்கி, 2024-இல் படிப்படியாக முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

தென் கொரியாவிலிருந்து 1950-களுக்குப் பிறகு வெளியே போன குழந்தைகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் தன் முடிவுகளை வெளியிட்டது. பெற்றோர் இருந்த குழந்தைகளை அநாதை என்று பதிந்தது, ஒரு குழந்தைக்குப் பதில் இன்னொரு குழந்தையை அதே தாள்களோடு அனுப்பியது எல்லாம் அதில் இருக்கிறது. குவாத்தமாலாவிலிருந்து 2007-இல் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். திருட்டும் ஏமாற்றும் வெளிவந்து, அடுத்த ஆண்டே புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. எத்தியோப்பியா 2018-இல் தடை போட்டது. சீனா 2024-இல், நெருங்கிய உறவினர் தவிர மற்றவர்களுக்குக் கதவை மூடியது. 2004-இல் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 45,000 வெளிநாட்டுத் தத்துகள் நடந்தன. இன்று சில ஆயிரம்தான். மிச்சம் இருக்கும் குழந்தைகள் குறைவு, காத்திருக்கும் தம்பதிகள் அதிகம். “இரண்டு வாரத்தில் சொல்லுங்கள்” என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரியும்.

இதில் பெரும்பாலும் ஒரே ஒரு கொடியவன் இருப்பதில்லை. ஒரு குழந்தைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தொகை உள்ளூரில் ஒருவரின் பல ஆண்டுச் சம்பளமாக இருந்தால், குழந்தையைக் ‘கண்டுபிடித்து’க் கொண்டுவர ஆள் முளைத்துவிடுவார். அவர் தாயிடம் போய், “பிள்ளை வெளிநாட்டில் படிக்கட்டும், பெரியவளானதும் உன்னைத் தேடி வருவாள்” என்பார். பல சமூகங்களில் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டு வளர்ப்பது சாதாரண விஷயம். உறவை அடியோடு அறுத்துவிடும் சட்டத் தத்து என்ற ஒன்று இருப்பதே அந்தத் தாய்க்குத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார். இங்கே நாம் ‘கைவிட்ட தாய்’ என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

கைநாட்டு என்றதும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வருகிறது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். முப்பதைத் தாண்டிய ஒரு பெண், குழந்தையாக இருக்கும்போது வேறொரு நாட்டுக்குத் தத்துப் போனவர். என் மேசையில் தன் கோப்பைப் பிரித்து வைத்தார். மொத்தம் ஏழு தாள்கள். பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் தாய் பள்ளி இறுதி வரை படித்தவர் என்று தட்டச்சு செய்திருந்தது. அதே தாளின் அடியில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ஊதா மையில் பெருவிரல் ரேகை. அவர் அந்த ரேகை மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். “படித்தவர் எதற்குக் கைநாட்டு வைத்தார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரைத் தத்தெடுத்தவர்கள் அருமையான மனிதர்கள், உயிரையே வைத்திருந்தார்கள். “அம்மா, நீங்கள் இதைப் பார்க்கவே இல்லையா?” என்று அவர்களிடம் கேட்டபோது, “உன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்” என்றாராம் அந்த வளர்ப்புத் தாய்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். தத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. கோப்பில் ஒரே ஒரு பொய் இருந்தாலும், முப்பது வருஷம் கழித்து அது அந்தப் பிள்ளையின் கையில்தான் போய் விழும்.

அதனால் இந்த வாரமே முகமைக்கு எழுதுங்கள். தாயின் ஒப்புதல் எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எந்த மொழியில் வாங்கப்பட்டது? அவருக்கு அதை விளக்கியவர் யார்? முடிவை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்களா? தந்தை யார் என்று விசாரித்தார்களா? பாட்டியிடம் கேட்ட விவரம் எங்கே? அந்த நாட்டிலேயே ஒரு குடும்பத்தைத் தேடிய ஆவணம் எங்கே? கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா? நன்கொடை யார் பெயரில், எந்தச் செலவுக்கு, ரசீது உண்டா? குடும்ப ஆய்வே முடியாத எங்களுக்கு ஒரு குறிப்பிட்ட குழந்தையின் படத்தை அனுப்ப அந்த நாட்டு அரசின் தத்து அமைப்பு அனுமதித்ததா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். முறையாக நடக்கும் இடத்தில் முதலில் உங்கள் தகுதி முடிவாகும். பிறகு குழந்தையின் அறிக்கையை வைத்து, அவளுக்கு எந்தக் குடும்பம் பொருந்தும் என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் பார்ப்பார்கள். குழந்தையின் படத்தைக் காட்டி பெற்றோரைப் பிடிப்பது தலைகீழ் வேலை. இதே கேள்விகளை உங்கள் நாட்டில் தத்துக்குப் பொறுப்பான மைய அரசு அமைப்புக்கும் நேரடியாக எழுதுங்கள்.

அந்த நாடு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராத நாடு என்றால் விலகிவிடுவது நல்லது என்பேன். சேர்ந்திருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். சீனா அதில் சேர்ந்த 2005-ஆம் ஆண்டின் இறுதியில்தான், ஹுனான் மாகாணத்துக் காப்பகங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கி வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்பியது வெளியே வந்தது.

அப்படியானால் வெளிநாட்டுத் தத்தே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முழுக்க நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லும் சக ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் பிறந்த நாட்டில் குடும்பம் கிடைக்காமலே காப்பகத்தில் வளர்ந்து, பதினெட்டு வயதில் தெருவுக்கு வரும் பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் எட்டு, பத்து வயதைக் கடந்தவர்கள், மூன்று நான்கு பேராகக் கூடப் பிறந்தவர்கள், தொடர்ந்து மருத்துவம் வேண்டியவர்கள், மாற்றுத்திறன் உள்ளவர்கள். அவர்களில் ஒருவருக்கு நீங்கள் தேவைப்படலாம். அதற்கு உங்கள் இருவரின் மனசும் உடம்பும் தயாரா என்று உட்கார்ந்து பேசுங்கள். தயாராக இல்லை என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. நான்கு முறை நம்பி ஏமாந்த களைப்பு உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தத் துக்கத்தை ஆற்றும் வேலையை இன்னொரு குழந்தையின் தலையில் வைக்காமல், அதற்கென்று தனியாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

எல்லாம் நேர்மையாக நடந்து ஒரு குழந்தை வருகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் படம் எடுப்பீர்கள், எல்லோரும் அழுவீர்கள். அப்புறம்?

அவள் போட்டுக்கொண்டு வந்த சட்டையைத் துவைக்காதீர்கள். இதை நான் எல்லா பெற்றோரிடமும் சொல்வேன். வீட்டுக்கு வந்த அன்றே குளிப்பாட்டிப் புதுத் துணி போட்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சுத்தம் என்ற நினைப்பில் செய்வதுதான். ஆனால் மொழி, முகங்கள், படுக்கும் இடம், வெயில், சத்தம் எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன குழந்தைக்கு, பழைய உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தத் துணியின் வாசனை ஒன்றுதான். தலையணைப் பக்கத்தில் மடித்து வையுங்கள். ஒரு பையன் மூன்று மாதம் தன் பழைய சட்டையின் கழுத்துப் பட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

தலையணைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் சாப்பாட்டை ஒளித்து வைப்பாள். திட்டாதீர்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது சாப்பிட வைத்திருங்கள். ஒளிப்பது தானாக நிற்கும், மாதக்கணக்கு ஆகலாம். முதல் வாரத்திலேயே யார் கூப்பிட்டாலும் போய் மடியில் உட்கார்ந்தால் “எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள்” என்று சந்தோஷப்படாதீர்கள். யாரிடமும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளக் கிடைக்காத பிள்ளைதான் எல்லோரிடமும் ஒட்டும். சில மாதம் கழித்து உங்களைக் கடிப்பாள், தள்ளுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். பல வீடுகளில் நான் பார்த்தவரை, அப்போதுதான் அவள் உங்களை நம்பத் தொடங்குகிறாள்.

காப்பக வாழ்க்கை பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கு ருமேனியாதான் பெரிய பாடம். 1989-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது அரசுக் காப்பகங்களின் கொடுமை வெளியே தெரிந்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 குழந்தைகளை, குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வுக் குழு அவர்கள் இளைஞர்களாகும் வரை கவனித்து வந்தது. ஆறு மாத வயதுக்குள் வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனம் நிலைக்காதது, பழகுவதில் சிக்கல் போன்றவை பெரியவர்களான பிறகும் விடவில்லை. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்திருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வெளிநாட்டுத் தத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்றும், அதே சமயம் மனநல உதவியை மற்றவர்களைவிடக் கூடுதலாக நாடுகிறார்கள் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

அவள் பெயரை மாற்றாதீர்கள். அவளோடு வந்தவை மிகக் குறைவு, அவற்றில் அதுவும் ஒன்று. உங்கள் ஆசைக்கு இன்னொரு பெயரைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாம். அவள் மொழியில் பத்து இருபது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள்: பசி, வலி, பயம், தண்ணீர், “நான் இங்கேதான் இருக்கிறேன்”. நிறமும் முகமும் உங்களைப் போல் இல்லாவிட்டால் கடையிலும் பள்ளியிலும் “சொந்தக் குழந்தையா?” என்று அவள் காது கேட்கவே கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று முன்பே இருவரும் பேசி வையுங்கள், ஏனென்றால் கேட்டவரைவிட அவள்தான் அந்தப் பதிலைக் கவனிப்பாள். தத்து என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லி வளருங்கள். பதினாறு வயதில் உட்கார வைத்துச் சொல்லும் செய்தியாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

‘ராணி மாதிரி’ என்ற பேச்சையும் வீட்டுக்குள் விட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். “உன்னை எங்கிருந்து கொண்டுவந்தோம் தெரியுமா” என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். ஆனால் உறவுகள் சொல்வார்கள், “நீ எவ்வளவு கொடுத்து வைத்தவள்” என்று. வளர்ந்த தத்துப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் புலம்புவது இந்த நன்றிக்கடனைப் பற்றித்தான். பெற்ற அம்மாவை நினைத்து அழக்கூட அவர்களுக்கு உரிமை இல்லாமல் போய்விடுகிறது, அழுதால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவார்கள்.

சட்ட வேலையில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: குடியுரிமை. தத்து ஆணை வந்தால் குடியுரிமையும் தானாக வந்துவிடும் என்று நினைத்து விட்டுவிட்ட பெற்றோர் உண்டு. சிறு வயதில் அமெரிக்காவுக்குத் தத்துப் போய், அங்கேயே வளர்ந்து, நடு வயதில் குடியுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத பிறந்த நாட்டில் போய் இறங்கினார்கள்.

இனி அந்தப் படம். அழித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கொஞ்ச நாள் உங்கள் படுக்கைப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு எங்காவது வையுங்கள். முகமையிடமிருந்து நேரான பதில் வராவிட்டாலோ, “இவ்வளவு கேள்வி கேட்டால் வேறு தம்பதிக்குக் கொடுத்துவிடுவோம்” என்றாலோ, அதையே பதிலாக எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். அந்த மின்னஞ்சலையும் படத்தையும் அரசு அமைப்புக்கு அனுப்பி வையுங்கள். அது அந்தச் சிறுமிக்கு நீங்கள் செய்யும் உதவியாகவே இருக்கும். அன்று நீங்கள் அழுவீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் கணவரும் அழுவார். ஒருவருக்கொருவர் மறைக்காமல் அழுங்கள்.

நேரான பதில் வந்தால் அதை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம். பாட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்